வேர் பிடித்த கயிறு

உங்கள் மேசையின் வலது ஓரத்தில் காலை பத்து மணிக்கு மேல் நேர் வெயில் விழுகிறது. நேற்று கவனித்தேன். அந்தப் பாலிதீன் உறையை இடது பக்கம், ஃபைல்கள் அடுக்கியிருக்கும் பக்கமாக ஒரு முழம் நகர்த்தி வைத்தால் போதும். உறையின் வாயை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். அதையும் கழற்றிவிட்டால் நல்லது. உள்ளே இருப்பது மூச்சு விடுகிற பொருள்.

வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதித் தரச் சொன்னீர்கள். மைசூருக்கு வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. கன்னடம் தடையில்லாமல் பேசுவேன், பஸ் பலகை படிப்பேன். எழுத உட்கார்ந்தால் கை தமிழுக்குத்தான் போகிறது. மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்றீர்கள். அவருக்காகத் தெளிவான எழுத்தில் எழுதுகிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, காபி கூட வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஒன்றரை வருஷமாகப் பயந்தபடியே எல்லா வேலையும் செய்து பழகிவிட்டதால் எழுதவும் முடிகிறது.

என் பெயர் இராமச்சந்திரன், வயது ஐம்பத்தாறு. ஒரு தொழிற்சாலையில் வரைபடப் பிரிவில் இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவன். குழந்தைகள் இல்லை. மனைவி காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் கடைசியாகப் படுத்திருந்த அறைக்குக் கிழக்கே ஜன்னல். காற்று மெதுவாக வரும், சுவரில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அறையில் ஆர்க்கிட் செடிகளை வைத்தேன்.

மைசூரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பலர் உண்டு. தசரா மலர்க் கண்காட்சியில் ஊதாவும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாக வைத்துப் பரிசு வாங்குவார்கள். என்னுடையவற்றை அங்கே வைத்தால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். செடி முழுவதும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும். இலை அரிசி அளவு. பூ கடுகைவிடச் சற்றுப் பெரிது. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் அதற்கு உதடும் நாக்கும் இருப்பது தெரியும். அப்படி அறுபத்திரண்டு செடிகள்.

இவற்றுக்குத் தொட்டி இல்லை, மண் இல்லை. காட்டில் மரக்கிளையில் ஒட்டி வாழ்பவை என்பதால் வீட்டிலும் சிறு குச்சிகளில் கட்டித் தொங்கவிட வேண்டும். வேர் வெட்டவெளியில் இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். காலை ஏழுக்கு ஒரு முறை, பிற்பகல் மூன்றுக்கு ஒரு முறை பனி போலத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதுவும் மழைத் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நாம் குடிக்கலாம், இவை குடித்தால் இலையில் வெள்ளை உப்புப் படிந்து கருகிவிடும். மாடியில் நீல டிரம் வைத்து மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தெளிப்புக்காகவே ஒன்பது வருஷமாக எந்த ஊரிலும் நான் ஒரு இரவு தங்கியதில்லை. சேலத்தில் தங்கை மகளின் கல்யாணத்துக்குப் போய், தாலி கட்டியதும் பந்தியில் உட்காராமல் பஸ் பிடித்தேன். தங்கை இன்னும் என்னோடு பேசுவதில்லை.

இன்னொரு விஷயம். புதிதாக வந்த செடியைக் குச்சியில் ஏதாவது நூலால் கட்டி வைப்போம். வேர் குச்சியைப் பிடித்துக்கொண்ட பிறகு நூலை எடுத்துவிடலாம். சில சமயம் வேர் நூலின் மேலேயே ஏறி, அதையும் சேர்த்து அணைத்துக்கொண்டுவிடும். அப்படி ஆகிவிட்டால் நூலைத் தொடவே கூடாது. தொட்டால் வேர் கிழியும், இவ்வளவு சிறிய செடி அதற்குப் பிறகு பிழைக்காது.

செல்லக்கண்ணுவை எனக்குத் தெரியாது என்று முதல் நாள் சொன்னேன். அது பொய். நான்கு வருஷமாகத் தெரியும்.

அவன் ஊர் மார்டள்ளி. கொஞ்சம் மேட்டு நிலம், மீதி நாளில் காட்டில் தேன் எடுப்பான். மாதேஸ்வரன் மலை அடிவாரத்தில் ஒரு கடை வாசலில்தான் அவனை முதலில் பார்த்தேன். அவனுக்கு இருந்த கண் படித்தவர்கள் யாருக்கும் இல்லை. முப்பதடி உயரத்துக் கிளையில் அரிசி அளவு இலை இருந்தால் கீழேயிருந்தே சொல்லிவிடுவான். இந்தச் செடிகளைப் பொடிசு என்பான். மலைக்குப் போகும்போதெல்லாம், "சார், உங்களுக்கு ஒரு பொடிசு பாத்து வெச்சிருக்கேனுங்க" என்று சிரித்துக்கொண்டே வருவான். காட்டிலிருந்து செடி எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால், என்னோடு வருவதை வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒருமுறைகூட அந்த வாக்கை மீறவில்லை.

1995 மே மாதம் பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. விடியும் முன் செடிகளுக்குத் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவிட்டு, முதல் பஸ்ஸில் கொள்ளேகால் போய் அங்கிருந்து மலை பஸ் ஏறினேன். அவன் சொன்ன வளைவில் இறங்கினேன். ஒரு மணி நேரம் மேலே நடந்தோம். மழை இன்னும் வரவில்லை, ஓடையெல்லாம் வெறும் கல். அவன் காட்டிய பொடிசை லென்ஸில் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது, அப்படி ஒன்றை நான் பார்த்ததும் இல்லை, படித்ததும் இல்லை என்று. அதற்குள் வேறு யாராவது பார்த்திருப்பார்களோ என்று பயம் வந்தது.

தேனுக்கு ஏறும்போது அவன் இடுப்பில் கயிறு கட்டிக் கிளையோடு சேர்த்துப் போட்டுக்கொள்வான். அன்றும் கயிறு கொண்டுவந்திருந்தான். கயிறு உரசினால் பட்டையிலிருக்கும் பாசி உதிரும், பாசியோடு மற்ற செடிகளும் போய்விடும். அதனால் வேண்டாம் என்றேன். "சார் சொன்னாச் சரிங்க" என்று கயிற்றைக் கழற்றி மரத்தின் வேர்மேல் வைத்துவிட்டு ஏறினான். மேலே போய், செடி இருந்த குச்சியை ஒடித்தான். பட்டை கழன்று செடி விழப் பார்த்தது. உடனே தன் மணிக்கட்டில் கட்டியிருந்த நூல் கயிற்றைப் பல்லால் அவிழ்த்து, செடியைக் குச்சியோடு சுற்றி முடிச்சுப் போட்டான். அவ்வளவு சமயோசிதம். அதை அவன் செய்திருக்காவிட்டால் அந்தச் செடி இன்று இல்லை.

இறங்கும்போது கால் வழுக்கியது. உயரம் இருபத்தெட்டு அடி.

மல்லாந்து விழுந்திருந்தான். குச்சி பிடித்த கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. என்னைப் பார்த்து அவன் முதலில் கேட்டது, "பொடிசுக்கு ஒண்ணும் ஆகலீங்களே சார்?" என்றுதான். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக் குச்சியை வாங்கிக்கொண்டேன். அது உண்மை. ஒரு இலைகூட மடங்கவில்லை.

இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை என்றான். வலிக்கவில்லை என்றும் சொன்னான், அதனால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தண்ணீர் கேட்டான். அவன் கொண்டுவந்த தண்ணீரை வழியிலேயே இருவரும் குடித்து முடித்திருந்தோம். என்னிடம் ஒரு பாட்டில் இருந்தது. வீட்டிலிருந்து எடுத்துவந்த மழைத் தண்ணீர், செடிக்கு வைத்திருந்தது. மே மாத வெயிலில் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போக வேண்டும், பாசி காயாமல் வழியெல்லாம் தெளிக்க வேண்டும். இருந்தாலும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டில் மூடியில் ஊற்றி ஒரு மூடி கொடுத்தேன். அவன் மூடியை நக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ரோட்டுல டீக்கடை இருக்குதுங்க சார். அங்க சொல்லி ரெண்டு ஆளைக் கூட்டியாந்துடுங்க. நான் இங்கயேதான் கெடக்கறேன்" என்றான்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். டீக்கடையில் நான்கு பேர் இருந்தார்கள். சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். ஆனால் சொன்னால், காட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வனத்துறை ஆள் வருவான். செடியைப் பிடுங்கி ஏதாவது மேசைமேல், வெயிலில் வைப்பான். பையைத் திறந்து பார்த்தேன், பாசி ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியிருந்தது. அப்போது பஸ் வந்தது. கொள்ளேகாலில் இறங்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஏறினேன். கொள்ளேகாலில் மைசூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. மைசூரிலிருந்து போன் செய்யலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், காலையில் மூடிவிட்டுப் போன அறுபத்தொன்றும் காய்ந்து கிடந்தன. அவற்றைக் கவனித்து நிமிர்ந்தபோது பொழுது போய்விட்டது. மறுநாள் யாருக்குப் போன் செய்வது, என்ன பெயர் சொல்வது என்று யோசித்தேன். அதற்கும் மறுநாள், இனிமேல் சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது. சாக விடலாம் என்று எந்த நிமிஷத்திலும் நான் முடிவு செய்யவில்லை.

பதினாறு நாள் கழித்து மறுபடி போனேன். அதே மரத்தில் இன்னொரு பொடிசு இருக்குமா என்று பார்க்கவும்தான். மரத்தடியில் அவன் இல்லை. யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள், பிழைத்துவிட்டான் என்று ஒரு கணம் பெரிய நிம்மதி. அடுத்த கணமே அப்படி ஒரு பயம் பிடித்ததே, வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை. பிழைத்திருந்தால் பேசியிருப்பானே. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் பார்த்தேன். பாதையை நோக்கி நாற்பத்தோரு அடி தள்ளி இருந்தான். முழங்கைகளை ஊன்றி நகர்ந்திருக்க வேண்டும். அவனையும் அவன் இடுப்புக் கயிற்றையும் அங்கேயே ஒரு பள்ளத்தில் வைத்து, கல்லும் சருகும் போட்டு மூடினேன். இடத்தைச் சொல்லத் தெரியவில்லை என்றால் நீங்கள் அலைய வேண்டியிருக்கும் என்று வரைபடம் ஒன்று அளவோடு வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த நாற்பத்தோரு அடியைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருக்கிறேன்.

சந்தனக் கடத்தல்காரர்களும் அவர்களைத் தேடும் போலீசும் நிறைந்த அந்தக் காட்டுப் பக்கம் ஆள் காணாமல் போனால் யாரும் உரக்கக் கேட்பதில்லை. நான் தப்பிவிட்டதாகவே நினைத்தேன். ஆகஸ்டில் ஒருநாள் காலை பத்து மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. ஒரு பெண், முப்பது வயதிருக்கும், கையில் முந்தின வருஷம் நான் செல்லக்கண்ணுவுக்குப் போட்ட தபால் கார்டு.

"மைசூரு சாருங்களா? எங்கூட்டுக்காரரு இங்க வந்தாருங்களா? மூணு மாசமாக் காணோமுங்க. பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஓடிட்டாருன்னு ஊருல சொல்றாங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லீங்க."

பெயர் பாக்கியலட்சுமி. இங்கே கட்டட வேலைக்கு வந்த சொந்தக்காரர்களோடு மண் சுமந்துகொண்டு, கிடைத்த நேரத்தில் புருஷனைத் தேடிக்கொண்டிருந்தாள். வரவில்லை என்றேன். அடையாளம் ஏதாவது உண்டா என்று, கேட்க வேண்டுமே என்பதற்காகக் கேட்டேன்.

"வலது கையில நான் முறுக்கிக் கட்டுன கயிறு இருக்குங்க. ரெண்டு மஞ்ச நூலு, ஒரு பச்சை நூலு. பச்சை எங் கல்யாணச் சேலை முந்தியில உருவுனது."

அப்போது அந்தக் கயிறு அவளிடமிருந்து பத்தடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அவளை அனுப்பிய உடனே கதவைச் சாத்திவிட்டுக் கத்தரிக்கோலோடு உள்ளே போனேன். மூன்று வேர்கள் அதன் மேல் ஏறியிருந்தன. மழைக்காலம், நல்ல வளர்ச்சி. கத்தரிக்கோலைத் திரும்ப இடத்தில் வைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் மறுபடி வந்து, வீட்டு வேலை ஏதாவது உண்டா என்று கேட்டாள். நான் சரி என்றேன். ஏன் என்று நேற்று கேட்டீர்கள். அவள் ஊரில் எங்கோ என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டு அலைவதைவிட, கண் முன்னால் பெருக்கித் துடைத்துக்கொண்டு இருப்பது மேல் என்று தோன்றியது. ஒரு வருஷத்துக்கு மேல் வந்தாள். செடி அறைக்குள் மட்டும் போகக் கூடாது என்றேன், போகவில்லை. ஆனால் அந்த அறைக் கதவின் முன் அவள் துடைப்பம் ஒவ்வொரு நாளும் வந்து நிற்கும்போது கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அவளையே பார்ப்பேன். கயிற்றைப் பாசியால் மூடிப் பார்த்தேன், வேர் அழுகத் தொடங்கியது. குச்சியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், வெளிச்சம் போதாமல் இலை வெளுத்தது. கடைசியில் அது இருந்தபடியே, ஜன்னலைப் பார்த்துத் தொங்கியது.

இந்த அக்டோபரில் எனக்கு மஞ்சள் காமாலை. எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு முழு நாள் செடிகள் தெளிப்பில்லாமல் கிடந்தன. இரண்டாம் நாள் காலை, அவளைக் கூப்பிட்டுத் தெளிப்பானைக் கையில் கொடுத்துக் கதவைத் திறந்துவிட்டேன். வேறு வழியில்லை. கட்டிலில் படுத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையாகத் தெளித்துக்கொண்டே போனவள், கடைசி வரிசையில் நின்றாள். நின்றபடியே இருந்தாள். பிறகு அடுத்த செடிக்குப் போனாள்.

பதினோரு நாள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை நிற்பாள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. குடிக்காவிட்டால் நான் பயப்படுவது அவளுக்குத் தெரிந்துவிடும். வேர்த்துக் கொட்டக் கொட்டக் குடிப்பேன். பிறகு கண்ணை மூடி, வயிற்றில் எரிச்சல் வருகிறதா என்று காத்திருப்பேன். ஒன்றும் வராது. பன்னிரண்டாம் நாள் கண்ணில் மஞ்சள் தெளிந்து, நான் எழுந்து நடந்தேன்.

அன்றைக்குத் தெளித்து முடித்துவிட்டு வந்து, அறை வாசலில் உட்கார்ந்தாள்.

"நீங்க எந்திரிச்சு நடக்கற வரைக்கும் கேக்க வேண்டாம்னு இருந்தேனுங்க. அது அவரு கயிறுங்க."

மலையில் இந்த மாதிரிக் கயிறு நிறைய விற்கிறது என்றேன்.

"எஞ் சேலை நூலை யாருங்க விக்கிறாங்க?" அவள் குரல் உயரவே இல்லை. "அவரு இல்லீங்களா சார்?"

இல்லை என்றேன். அந்த வார்த்தையை ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் அழவில்லை, எப்படி என்று கேட்கவும் இல்லை.

"நான் போலீசுக்கெல்லாம் போகலீங்க. போயி எனக்கு என்ன வரப்போவுது. இருக்காரா இல்லையான்னு தெரியாம, பொட்டு வெக்கறதா அழிக்கறதான்னு தெரியாம இத்தன நாளு கழிச்சிட்டேன். ஆளு கெடைக்காட்டி அவரு மேல இருந்தது எதாச்சும் வெச்சுத்தான் காரியம் பண்ணோணும். அந்தக் கயித்தைக் குடுங்க, நான் போயிடறேன்."

அவளை உள்ளே கூட்டிப் போய் லென்ஸைக் கொடுத்துக் காட்டினேன். இதோ பார், இந்த வேர் இப்படி ஏறியிருக்கிறது, இழுத்தால் கிழிந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினேன். அடுத்த மழைக்குப் புதுவேர் விட்டால் அப்போது பார்க்கலாம், ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்றேன். அவள் மரியாதையாக லென்ஸில் பார்த்தாள்.

"அப்பச் செடியோடயே குடுத்துடுங்க."

உங்கள் ஊர் வெயிலில் இது ஒரு நாள் தாங்காதம்மா என்றேன்.

"அது எங்கூருக் காட்டுச் செடிதானுங்களே" என்றாள்.

முடியாது என்று மட்டும் சொன்னேன். அவள் தெளிப்பானைத் துடைத்து அலமாரியில் வைத்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் உங்களிடம் வந்து சொல்லி, நீங்கள் மறுநாள் காலைதான் வந்தீர்கள். இடையில் எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. கயிற்றை அறுத்து அடுப்பில் போட்டிருந்தால் அவள் சொல்லுக்குச் சாட்சியே இல்லை. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கேட் பக்கம் யார் நடந்தாலும் ஜன்னலுக்கு ஓடினேன். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனேன், வெட்டுவதற்குத்தான் போனேன். லென்ஸில் பார்த்தால் பச்சை நூலுக்கு அடியில் குண்டூசித் தலை அளவு ஒரு மொட்டு. நான் வளர்க்க ஆரம்பித்த பிறகு அது விட்ட முதல் மொட்டு.

செல்லக்கண்ணு இறந்ததற்கு நான்தான் காரணம். கயிறு வேண்டாம் என்றது நான், ஒரு மூடிக்கு மேல் தண்ணீர் கொடுக்காதது நான், டீக்கடையில் வாயைத் திறக்காமல் பஸ் ஏறியது நான், மூடி மறைத்தது நான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதிக் கையெழுத்திடுகிறேன். என்ன தண்டனையோ கொடுங்கள்.

உறையில் இருப்பதற்கு மழைத் தண்ணீர் மட்டும் தெளிக்கச் சொல்லுங்கள், காலை ஏழு மணி, பிற்பகல் மூன்று மணி. வழக்கு முடியும்வரை அந்தக் கயிற்றை யாரும் அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நூலை அறுத்துப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாயே, முட்டாளா நீ என்று நேற்று கேட்டீர்கள். நானும் அதை யோசித்துப் பார்த்தேன். ஆனால் ஒரு உயிரைக் கொன்றுவிட்டு அதற்கப்புறம் ஒரு மனிதன் எப்படி நிம்மதியாகத் தூங்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.